குளிருக்கும் ஒரு விலை உண்டு

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோருக்குப் பருவங்கள் என்றால் மழையும் வெயிலும்தான். ஆண்டின் எந்த மாதத்தில் வாசற்கதவைத் திறந்தாலும் வெளியே வெப்பம் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கும். ஒரு சட்டையை அணிந்துகொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிடலாம். இவ்வாறு வளர்ந்த ஒருவர் கனடாவின் டொராண்டோ நகரில் குடியேறினால், அவர் மாற்றிக்கொள்ள வேண்டியது முகவரியை மட்டுமன்று. உடுக்கும் உடை, உண்ணும் உணவு, உறங்கும் அறை, பயணம் செய்யும் நேரம் ஆகிய அனைத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இவை ஒவ்வொன்றும் பணத்தோடு தொடர்புடையவை. ஆகவே, குளிர் நாட்டில் குளிர் என்பது வெறும் வானிலைச் செய்தியன்று. அது வீட்டுக் கணக்கேட்டில் இடம்பெறும் ஒரு செலவும் ஆகும்.

முதலில், அந்தக் குளிர் எத்தகையது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். டொராண்டோவில் ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 4 அல்லது 5 டிகிரி செல்சியஸ் ஆகும். கனடாவின் நடுப்பகுதியில் உள்ள வின்னிபெக் நகரில் அது சுழியத்திற்குக் கீழே ஏறக்குறைய 16 டிகிரி. அந்நாட்டில் இதுவரை பதிவான மிகக் கடுங்குளிர், 1947ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் யூக்கான் பகுதியில் உள்ள ஸ்னாக் என்னும் ஊரில் பதிவானது. அன்று அங்கு வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 63 டிகிரி வரை இறங்கியது. இவற்றோடு ஒப்பிட்டால் டொராண்டோவின் குளிர் மிதமானதுதான். ஆயினும், 30 டிகிரி வெப்பத்தில் பழகிய உடலுக்கு அதுவே பெருஞ்சோதனையாகும்.

குளிரை அளக்க வெப்பமானி மட்டும் போதாது. காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நம் உடல் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சிறிதளவு சூடாக்கி வைத்திருக்கிறது. பலத்த காற்று வீசும்போது அந்தச் சூடு உடனே அடித்துச் செல்லப்படுகிறது. அதனால், வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 10 டிகிரியாக இருக்கும் நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடலுக்கு அது சுழியத்திற்குக் கீழே 20 டிகிரி போலத் தோன்றும். வெப்பநிலை மேலும் 10 டிகிரி குறைந்து, அதே வேகத்தில் காற்று வீசினால், சுழியத்திற்குக் கீழே 33 டிகிரி போலத் தோன்றும். அத்தகைய குளிரில் மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகக்கூடும். விரல் நுனி, மூக்கு, காது மடல் ஆகியவையே முதலில் பாதிக்கப்படும். எனவேதான், கனடாவின் வானிலை அறிக்கைகள் வெப்பநிலையோடு இந்த எண்ணையும் சேர்த்தே அறிவிக்கின்றன. காலையில் அதைப் பார்த்த பிறகே பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வைக்கின்றனர்.

குளிரோடு இருளும் சேர்ந்து வருகிறது. டிசம்பர் மாத இறுதியில் டொராண்டோவில் பகற்பொழுது ஏறத்தாழ 9 மணி நேரமே நீடிக்கும். காலை 8 மணிக்குச் சற்று முன்னர் உதிக்கும் சூரியன், மாலை 5 மணிக்குள் மறைந்துவிடும். பள்ளி முடிந்து சற்று நேரம் விளையாடுவதற்குள் தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிடும். வெயில் படாததால் உடலில் வைட்டமின் டி குறையும் வாய்ப்பு உண்டு. இதைக் கருத்திற்கொண்டே, கனடாவில் விற்கப்படும் பசும்பாலில் வைட்டமின் டி சேர்க்கப்படுகிறது.

இத்தகைய நாட்டில் புதிதாகக் குடியேறும் ஒரு குடும்பம் எதிர்கொள்ளும் முதற்செலவு உடை ஆகும். குளிரைத் தாங்க ஒரே ஒரு தடித்த மேலங்கி போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், உடையை மூன்று அடுக்குகளாக அணிவதே சிறந்தது. முதல் அடுக்கு, வியர்வையை உடலில் தங்கவிடாத மெல்லிய உள்ளாடை. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் இதற்குப் பொருந்தாது. இரண்டாம் அடுக்கு, வெப்பத்தைத் தக்கவைக்கும் கம்பளி உடை. மூன்றாம் அடுக்கு, காற்றையும் பனியையும் தடுக்கும் மேலங்கி. இவற்றோடு தொப்பி, கையுறை, கழுத்துத்துணி, வழுக்காத அடிப்பாகம் கொண்ட பனிக்காலணி ஆகியவையும் தேவை. நான்கு பேர் கொண்ட குடும்பத்திற்கு இவை அனைத்தையும் ஒரே வாரத்தில் வாங்க நேர்ந்தால், கையிருப்பின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். புதிதாக வந்தவரின் மனம், கடையில் காணும் ஒவ்வொரு விலையையும் தாய்நாட்டுப் பணத்திற்கு மாற்றிப் பார்க்கும். ஒரு கனடிய டாலர் ஏறக்குறைய மூன்று ரிங்கிட். அதன்படி, 200 டாலர் மேலங்கி 600 ரிங்கிட்டாகத் தெரிகிறது. “ஒரு சட்டைக்கு இவ்வளவா?” என மனம் மலைக்கிறது. அதனால் மலிவான மெல்லிய அங்கியை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். சில வாரங்களில் உறைபனிக் காற்று அதன் குறையைக் காட்டிவிடும். பேருந்து நிறுத்தத்தில் நிற்க முடியாமல் வாடகைக் காரில் செல்ல நேரிடும். பின்னர், வேறோர் அங்கியையும் வாங்க நேரிடும். மிச்சப்படுத்த நினைத்தது இரட்டைச் செலவில் முடிகிறது. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்பதை முதற்குளிர்காலமே கற்றுக்கொடுத்துவிடுகிறது.

அப்படியானால், குறைந்த வருமானம் உள்ளோர் என்ன செய்வது? அதற்கும் வழிகள் உள்ளன. பயன்படுத்திய உடைகளை விற்கும் கடைகள் கனடாவின் நகரங்களில் பல உள்ளன. அங்கே தரமான மேலங்கிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அந்நாட்டில் அவற்றை வாங்குவதை யாரும் இழிவாகக் கருதுவதில்லை. குளிர்காலம் முடியும் தறுவாயில் புதிய உடைகளின் விலையும் வெகுவாகக் குறையும். வளரும் பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டுக்குத் தேவையான அளவில் அப்பொழுதே வாங்கி வைக்கும் பெற்றோர் பலர். சொந்த நாட்டிலிருந்தே எல்லாவற்றையும் வாங்கிச் செல்வதும் சிறந்த வழியன்று. வெப்ப நாட்டுக் கடைகளில் கிடைக்கும் குளிராடைகள் பெரும்பாலும் சில நாள் சுற்றுலாவுக்கு ஏற்றவை; மாதக்கணக்கில் நீடிக்கும் பனிக்கு அவை ஈடுகொடுக்க மாட்டா.

விலைச்சீட்டில் உள்ள தொகை மட்டுமே செலவு என எண்ணுவதும் தவறு. டொராண்டோ அமைந்துள்ள ஒண்டாரியோ மாநிலத்தில் பெரும்பாலான பொருள்களுக்கு 13 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அது விலைச்சீட்டில் சேர்க்கப்படாமல், பணம் செலுத்தும்போதுதான் சேர்க்கப்படும். 100 டாலர் மதிப்புள்ள பெரியவர் மேலங்கிக்கு 113 டாலர் செலுத்த வேண்டும். ஆனால், சிறுவர் உடைகளுக்கு 5 விழுக்காடு வரி மட்டுமே வாங்கப்படுவதால், அதே விலையுள்ள சிறுவர் மேலங்கிக்கு 105 டாலர் போதும். அரிசி, பால், காய்கறி முதலிய அடிப்படை உணவுப் பொருள்களுக்கு இந்த வரி இல்லை. இவ்விதிகளை அறிந்தவர், கையில் உள்ள பணத்தை முன்கூட்டியே சரியாகத் திட்டமிட முடியும்.

உடைக்கு அடுத்தது வீடு. குடும்பச் செலவில் பெரும்பங்கை வாடகையே எடுத்துக்கொள்ளும். ஒண்டாரியோவில் வீட்டு உரிமையாளர், குடியிருப்பின் கடைசி மாத வாடகையை முன்பணமாகக் கேட்கலாம். அதற்கு மேல் கேட்கச் சட்டம் இடமளிக்கவில்லை. எனவே, குடியேறும் நாளிலேயே இரண்டு மாத வாடகை கையில் இருக்க வேண்டும். வாடகை எவ்வளவு என்று கேட்பவர், மற்றொரு கேள்வியையும் மறவாமல் கேட்க வேண்டும். வீட்டைச் சூடாக்கும் செலவு வாடகையில் அடங்குமா, அல்லது தனியாகச் செலுத்த வேண்டுமா என்பதே அக்கேள்வி. குறைந்த வாடகையில் கிடைத்த வீடு, ஜனவரி மாதக் கட்டணச் சீட்டு வந்ததும் விலையுயர்ந்த வீடாக மாறிவிடக்கூடும். உரிமையாளரே வெப்பமூட்டும் பொறுப்பை ஏற்றிருந்தால், குளிர்காலத்தில் வீட்டின் வெப்பநிலை 21 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது டொராண்டோ மாநகராட்சியின் விதி. இந்த உரிமையை அறியாமல் நடுங்கியபடி இரவைக் கழிக்கும் குடும்பங்களும் உண்டு.

வெப்பமூட்டும் செலவைக் குறைக்கவும் எளிய வழிகள் உள்ளன. சன்னல் இடுக்குகளை அடைத்தல், கண்ணாடியின் மேல் நெகிழித்தாள் ஒட்டுதல், வீட்டிற்குள்ளும் கம்பளி உடை அணிதல், ஆள் இல்லாத நேரத்தில் வெப்ப அளவைச் சற்றுக் குறைத்து வைத்தல் ஆகியவை பலனளிக்கும். நேரத்திற்கேற்ற மின்கட்டண முறையில், வார நாள்களில் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரையிலும், வார இறுதி நாள்களிலும் பகல் நேரத்தைவிடக் கட்டணம் குறைவு. துணி துவைக்கும் வேலையை அந்நேரத்திற்கு ஒதுக்கிவைத்தால் பணம் மிஞ்சும். ஆனால், ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யக்கூடாது. வீட்டிற்குள் கரியடுப்பை மூட்டிக் குளிர்காய்வது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வெளியேறும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் அதை அறியாமலேயே உயிரிழக்க நேரிடும். பணத்தை மிச்சப்படுத்த எடுக்கும் முயற்சி உயிரைப் பணயம் வைப்பதாக அமைந்துவிடக்கூடாது.

பயணத்திலும் குளிரின் கை நீள்கிறது. கார் வைத்திருப்போர் பனிக்காலத்திற்கென்றே செய்யப்பட்ட சக்கரங்களை மாற்றிக்கொள்கின்றனர். கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அவை சட்டப்படி கட்டாயம். ஒண்டாரியோவில் கட்டாயமில்லை, ஆயினும், அவற்றைப் பொருத்துவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் சலுகை உண்டு. முதல் சில ஆண்டுகளுக்குக் கார் வாங்காமல் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் பயணம் செய்வதே பல குடும்பங்களுக்கு ஏற்றது. டொராண்டோவின் பொதுப் போக்குவரத்தில் ஒருமுறை செலுத்திய கட்டணத்தைக் கொண்டு இரண்டு மணி நேரம் வரை வண்டி மாறிப் பயணம் செய்யலாம். 12 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள சிறுவர்களுக்குக் கட்டணமே இல்லை.

உணவுச் செலவும் பருவத்தோடு மாறுகிறது. முருங்கைக்காய், கறிவேப்பிலை, மாம்பழம் ஆகியவை ஸ்கார்பரோ பகுதியின் தமிழ்க்கடைகளில் கிடைக்கும். எனினும், அவை தொலைதூர நாடுகளிலிருந்து வருபவை என்பதால், வீட்டுக் கொல்லையில் பறித்துப் பழகியவரை அவற்றின் விலை திகைக்க வைக்கும். அதே நேரத்தில், அம்மண்ணில் விளைந்து சேமித்து வைக்கப்படும் முட்டைக்கோசு, கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியவை குளிர்காலத்திலும் மலிவாகவே கிடைக்கின்றன. நாக்கின் ஏக்கத்தை வாரத்திற்கு ஒரு நாள் தீர்த்துக்கொண்டு, மற்ற நாள்களில் உள்ளூர்க் காய்களில் சாம்பார் வைக்கப் பழகிய குடும்பம் பணத்தையும் காக்கிறது, சுவையையும் இழப்பதில்லை.

குளிர்காலம் என்றால் வீட்டிற்குள் அடைந்து கிடப்பதும் அன்று. டொராண்டோ பொது நூலகத்தில் கட்டணமின்றி உறுப்பினராகலாம். கதகதப்பான அதன் கிளைகளில் தமிழ் நூல்களும் கிடைக்கின்றன. மாநகராட்சி அமைத்துள்ள திறந்தவெளிப் பனிச்சறுக்குத் திடல்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. பனியைக் கண்டு அஞ்சிய பிள்ளைகள், அதே பனியில் சறுக்கி விளையாடும்போது அந்நாட்டைத் தம் நாடாக உணரத் தொடங்குகின்றனர்.

இப்பாடங்களை முன்னரே கற்றவர்கள் அங்கு உள்ளனர். 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின்னர், ஆயிரக்கணக்கான தமிழர் கனடாவில் தஞ்சம் புகுந்தனர். 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை அங்குள்ள மீனவர்கள் காப்பாற்றினர். வழிகாட்ட எவரும் இல்லாத காலத்தில் பனியை எதிர்கொண்டவர்கள் அவர்கள். இன்று புதிதாக வருவோருக்கு, எந்தக் கடையில் எதை வாங்கலாம், வாடகை ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என எடுத்துச் சொல்ல ஒரு சமூகமே இருக்கிறது. தயங்காமல் கேட்பவருக்குப் பாதிச் சுமை அங்கேயே இறங்கிவிடுகிறது.

ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாட, கனடாவின் நாடாளுமன்றம் 2016ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. கனடாவில் கடுங்குளிர் நிலவும் அம்மாதத்தில்தான் பொங்கலும் வருகிறது. முற்றத்தில் வெண்பனி மூடிக்கிடக்கும். வீட்டிற்குள், மின்னடுப்பின் மேல் பானை பொங்கும். சூரியன் சற்று நேரமே தலைகாட்டினாலும், அதற்கு நன்றி கூறும் வழக்கம் அங்கும் மாறவில்லை.

குளிரை யாராலும் நிறுத்திவிட முடியாது. ஆனால், அதன் விலையை முன்கூட்டியே அறிந்து, தேவைக்குத் தயங்காமல் செலவிட்டு, தேவையற்றதைத் தவிர்த்து, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்பவருக்கு முதற்குளிர்காலம் ஒரு பாடமாக அமையும். இரண்டாம் குளிர்காலம் பழக்கமாகிவிடும். அதன்பின், புதிதாக வந்து இறங்கும் மற்றொரு குடும்பத்திற்கு வழிகாட்டவும் அவர் தகுதி பெற்றுவிடுவார்.