கூடுதல் குழாய் வைத்தால் ரேவா பலமாகுமா?

போன பகுதியைக் கேட்ட ஹொல்ம்லியா நேயர் ஒருவரின் கேள்வி: "என்னட்ட ஒரு பழைய ரேவா நிக்குது. சேஸிக்கு இன்னும் நாலு குழாய் வெல்ட் பண்ணினால் பாதுகாப்பாகுமோ?" பாதி ஓம், பாதி இல்லை.

பஸ் பாதையில் மின்கார்களை விட்ட காலத்தில் ஒஸ்லோவில் ஓடித் திரிந்த இந்தக் குட்டிக் கார் பெங்களூரில் செய்தது. 2001இல் சந்தைக்கு வந்தது. வெளியே தெரிவது வெறும் பிளாஸ்டிக். பாரம் தாங்குவது உள்ளே இருக்கும் உருக்குக் குழாய்க் கூடு.

கூட்டை விறைப்பாக்குவது சுலபம். நாலு ஸ்ட்ரோவை ஊசியால் கோத்துச் சதுரம் செய்து தள்ளிப் பாருங்கோ, சரியும். மூலைக்கு மூலை இன்னொன்று போடுங்கோ, அசையாது. அமுக்கப்படும் நீளக் குழாய்க்கு நடுவில் பக்கவாட்டு முட்டுக் கொடுத்தால், வளையாமல் நாலு மடங்கு பாரம் வரை தாங்கும். தடித்த குழாய் தேவையில்லை, இடம்தான் முக்கியம்.

மோதல் வேறு கணக்கு. ஐரோப்பிய விதிப்படி ரேவா கார் இல்லை, குவாட்ரிசைக்கிள். கார்களுக்கான மோதல் சோதனை அதற்குக் கட்டாயமாக இருக்கவில்லை. 2007இல் டொப் கியர் சஞ்சிகை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டபோது ஆள் இருக்கும் இடமே மோசமாக நசுங்கியது. பிறகு கம்பனி சேஸியைப் பலப்படுத்தி 40 கி.மீ.யில் சோதித்தது.

64க்கும் 40க்கும் வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும். சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 64இல் அது இரண்டரை மடங்குக்கும் மேல். 40இல் போய் சுவரில் மோதி, முன்பக்கம் அரை மீட்டர் சீராக நசுங்கி நின்றால், உடம்பில் விழுவது புவியீர்ப்பின் 12, 13 மடங்கு. 64இலும் அதே அளவோடு நிற்க 1.28 மீட்டர் நசுங்க வேண்டும். ரேவாவின் முழு நீளமே 2.6 மீட்டர்! இதை எந்த வெல்டிங்கும் மாற்றாது. முன்பக்கத்தில் குழாயை அடுக்கினால் நசுங்கும் தூரம் இன்னும் குறையும், அடி ஆளுக்குப் போகும். பலம் வேண்டியது ஆள் இருக்கும் பெட்டிக்கு. மூக்கு நசுங்கத்தான் வேணும்.

அதனால் அண்ணை, புதுக் குழாய் வாங்க முதல் பழசைப் பாருங்கோ. எங்கட வீதி உப்பு கீழ்க் குழாய்களின் வெல்ட் மூட்டுகளைத்தான் முதலில் தின்னும். பிளாஸ்டிக்கைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரால் மூட்டு மூட்டாகக் குத்திப் பாருங்கோ. உள்ளே போனால் அந்தக் காரை வீதியில் எடுக்காதையுங்கோ.