இந்த நூலகம் யாருக்கு?

ஒரு பல்கலைக்கழகம். அதில் ஒரு பெரிய நூலகம். மூன்று மாடிக் கட்டிடம். உள்ளே வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள். அலமாரி நிறையப் புத்தகங்கள்.

காலை ஏழு மணிக்கே அக்கா அங்கே வந்துவிடுவார். அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தரையைப் பெருக்குவார். ஈரத்துணியால் துடைப்பார். அலமாரியில் தூசி தட்டுவார். ஒன்பது ஆண்டுகளாக இதே வேலை. அவருக்குச் சம்பளம் தருவது பல்கலைக்கழகம் அல்ல. ஓர் ஒப்பந்தக்காரர் தருகிறார்.

முதல் ஏழு ஆண்டுகள் அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. புத்தகம் என்றால் தூசி படியும் பொருள். அவ்வளவுதான். பிறகு எழுத்தறிவு வகுப்புக்குப் போனார். எழுத்துக் கூட்டினார். இப்போது தூசி தட்டும்போதே புத்தகத்தின் பெயரையும் படித்துவிடுவார்.

அக்காவுக்கு ஒரு மகள். பகலில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். தொலைநிலைக் கல்வியில் பி.காம். படிக்கிறாள். அடக்கவிலைக் கணக்கியல் என்று ஒரு பாடம். போன முறை அதில் தேறவில்லை. பயிற்சிக் கணக்குகள் நிறைய உள்ள ஒரு புத்தகம் வேண்டும். விலை எழுநூறு ரூபாய். தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம்தான்.

மகள் ஒருநாள் நூலக வாசலுக்கு வந்தாள். காவலர் தடுத்தார்.

"அடையாள அட்டை இருக்கா?"

"இல்லீங்க அண்ணே."

"அப்ப உள்ளே விட முடியாதும்மா."

மகள் திரும்பிப் போனாள். காவலர் மீது தப்பு இல்லை. அவருக்குச் சொன்ன வேலையை அவர் செய்தார்.

அலமாரியில் ஒரு புத்தகம்

மறுவாரம் அக்கா இரண்டாம் மாடியில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். ஒரு புத்தகத்தின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். அடக்கவிலைக் கணக்கியல்! மகள் சொன்ன அதே புத்தகம். ஒன்று அல்ல, மூன்று படிகள் இருந்தன.

அக்கா சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை. தோளில் துணிப்பை இருந்தது. ஒரு ராத்திரிக்குத்தானே? காலையில் திருப்பி வைத்துவிடலாமே? கை புத்தகத்தின் மேல் போனது.

பிறகு கையை எடுத்துக்கொண்டார். கேட்காமல் எடுத்தால் அது திருட்டு. பிடிபட்டால் வேலை போகும். கேட்டால்? கேட்டதே இல்லையே. ஒன்பது ஆண்டில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அக்கா கையைக் கழுவினார். நூலகரின் அறைக்குப் போனார்.

நூலகர் சொன்னது

"வாங்கம்மா. உட்காருங்க" என்றார் நூலகர்.

அக்கா தினமும் துடைக்கிற நாற்காலி அது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அதில் உட்கார்ந்தார். மகளின் கதையைச் சொன்னார்.

"ஐயா, இந்த நூலகத்துக்குள்ளே யாரெல்லாம் வரலாம்?"

"நல்ல கேள்விம்மா. உள்ளே வர்றது ஒண்ணு. உட்கார்ந்து படிக்கிறது ஒண்ணு. வீட்டுக்குப் புத்தகம் எடுத்துட்டுப் போறது இன்னொண்ணு. எல்லாருக்கும் மூணும் கிடைக்காது."

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

இங்கே படிக்கும் மாணவர்களுக்கு மூன்றும் உண்டு. ஆசிரியர்களுக்கும் உண்டு. பல்கலைக்கழகத்தின் நிரந்தர ஊழியர்களுக்கும் உண்டு. எழுத்தர், ஓட்டுநர், தோட்டக்காரர் யாராக இருந்தாலும் சரி.

படித்து முடித்துப் போன பழைய மாணவர்கள் உண்டு. பல பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குத் தனி அட்டை தருகின்றன. அதற்குக் கட்டணமோ வைப்புத் தொகையோ கட்டவேண்டும்.

வேறு ஊரில் ஆராய்ச்சி செய்பவர்கள் வருவார்கள். தங்கள் கல்லூரியிலிருந்து கடிதம் கொண்டு வருவார்கள். அவர்கள் சில நாள் உட்கார்ந்து படிக்கலாம். புத்தகத்தை வெளியே கொண்டுபோக முடியாது.

பொதுமக்கள்? இதில் எல்லா இடத்திலும் ஒரே விதி இல்லை. சில பல்கலைக்கழகங்கள் விடுவதில்லை. சில இடங்களில் நூலகர் அனுமதி தந்தால் வாசிப்பு அறையில் படிக்கலாம்.

"இங்கே அந்த விதி இருக்கு" என்றார் நூலகர். "தேவையை எழுதிக் கொடுத்தா நான் ஒரு மாசத்துக்கு அனுமதிச் சீட்டு தரலாம். ஞாயிற்றுக்கிழமையும் நூலகம் திறந்திருக்கும். உங்க மகளை வரச் சொல்லுங்க. காவலர்கிட்டே அந்தச் சீட்டைக் காட்டினா போதும்."

அக்காவின் முகம் மலர்ந்தது.

"பாப்பா எந்தப் பல்கலைக்கழகத்துல படிக்குது?"

"இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஐயா."

"அப்படின்னா அவங்க வட்டார மையத்திலேயும் கேட்கச் சொல்லுங்க. மாணவர் அட்டை இருந்தா அங்கே உள்ள நூலகத்துல படிக்கலாம். அவங்க பாடங்களைச் செல்பேசியிலேயும் இலவசமாப் பார்க்கலாம். முழுப் புத்தகத்தையும் நகல் எடுக்கக் கூடாது. ஆனா சொந்தப் படிப்புக்குச் சில பக்கம் எடுக்கலாம். சட்டம் அதுக்கு இடம் கொடுக்குது."

அக்காவின் கேள்வி

அக்கா எழுந்தார். பிறகு தயங்கி நின்றார்.

"ஐயா, நானும் இப்போ படிப்பேன். எனக்கு ஓர் அட்டை கிடைக்குமா?"

நூலகர் சற்று நேரம் பேசவில்லை.

"நீங்க ஒப்பந்தக்காரர் மூலமா வேலை பார்க்கிறீங்க. ஊழியர் பட்டியல்ல உங்க பெயர் இல்லை. எங்க விதிப்படி அட்டை தர முடியாதும்மா."

"ஒன்பது வருஷமா இந்தப் புத்தகமெல்லாம் என் கையால சுத்தமாகுது ஐயா."

"நியாயம்தான். ஆனா விதியை நான் தனியா மாத்த முடியாது. நூலகக் குழுதான் மாத்தணும். நீங்க ஒரு மனு எழுதிக் கொடுங்க. குழு முன்னாடி வைக்கிறேன்."

அக்கா அன்று இரவு மனு எழுதினார். வாழ்க்கையில் அவர் எழுதிய முதல் மனு அது. இரண்டு தாள் கிழிந்தது. மூன்றாவது தாள் சரியாக வந்தது.

பெறுநர்
நூலகர் அவர்கள்,
பல்கலைக்கழக நூலகம்.

ஐயா,
பொருள்: நூலகத்தில் படிக்க அனுமதி வேண்டுதல்.

நான் நூலகத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் துப்புரவு வேலை செய்கிறேன். எழுத்தறிவு வகுப்பில் படிக்கக் கற்றேன். ஒப்பந்த ஊழியர்களும் நூலகத்தைப் பயன்படுத்த அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து)

நூலகக் குழு கூடியது. மனுவைப் பார்த்தது. ஒப்பந்த ஊழியர்கள் வேலை நேரம் முடிந்த பிறகு வாசிப்பு அறையில் படிக்கலாம் என்று முடிவு செய்தது. வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப்போக இடம் தரவில்லை.

கேட்டதில் பாதி கிடைத்தது. அக்கா மறுபாதிக்கு இன்னொரு மனு எழுதப் போகிறார். இந்த முறை அதில் உடன் வேலை செய்யும் ஆறு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். அதில் இரண்டு பேர் இப்போதுதான் எழுத்துக் கற்கிறார்கள்.

மகள் நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். காவலர் சீட்டைப் பார்த்தார். "போம்மா, நல்லாப் படி" என்று வழிவிட்டார். அவள் எல்லாப் பயிற்சிக் கணக்கையும் போட்டுப் பார்த்தாள். தேர்வு எழுதிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை.

அறிந்துகொள்வோம்

நூலகம் பற்றி நம் நாட்டில் ஆழமாகச் சிந்தித்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1892-ல் சீர்காழியில் பிறந்தார். கணக்கு ஆசிரியராக இருந்தார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். இங்கிலாந்து சென்று அங்குள்ள நூலகங்களைப் பார்த்து வந்தார்.

1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதி வெளியிட்டார். புத்தகத்தைப் பூட்டி வைக்கக் கூடாது, அது பயன்பட வேண்டும் என்பது முதல் விதியின் கருத்து. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது விதியின் கருத்து. பணக்காரர், ஏழை, ஆண், பெண் என்ற பேதம் இதில் கிடையாது. அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு போனார்கள். ரங்கநாதனின் நினைவாக ஆகஸ்டு 12-ஆம் நாள் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

வேறு கதவுகளும் உண்டு

பல்கலைக்கழக நூலகம் முதலில் அதன் மாணவர்களுக்காக நடப்பது. பொது நூலகம் அப்படி அல்ல. அது எல்லோருக்கும் உரியது. உள்ளே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க யாரும் போகலாம். புத்தகம் எடுத்துப்போக உறுப்பினர் ஆக வேண்டும். முகவரிச் சான்றும் சிறு தொகையும் கேட்பார்கள். சில மாநிலங்களில் வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். அந்த வரிப் பணத்தில் பொது நூலகங்கள் நடக்கின்றன.

டில்லிப் பொது நூலகம் 1951-ல் தொடங்கியது. யுனெஸ்கோ நிறுவனம் அதற்கு உதவியது. கல்கத்தாவில் உள்ள தேசிய நூலகம் 1953-ல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த நகரத்தின் பெயர் இப்போது கொல்கத்தா.

செல்பேசியிலும் ஒரு நூலகம் இருக்கிறது. அதன் பெயர் இந்திய தேசிய மின்னணு நூலகம். 2018-ல் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. யாரும் இலவசமாகப் பதிவு செய்து படிக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. அரசுப் பல்கலைக்கழகங்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. பொதுமக்களுக்கு நூலகமோ வாசிப்பு அறையோ நடத்தினால் அதன் நேரத்தை அவர்கள் தாமாகவே அறிவிக்க வேண்டும். விதி என்ன என்று யாரும் எழுதிக் கேட்கலாம். "அப்படித்தான்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் எழுத்தில் கேட்டு வாங்கலாம்.

மாற்றுத் திறனாளிகளுக்கான உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. கல்வி நிலையக் கட்டிடங்களுக்குள் அவர்களும் தடையின்றிப் போய்வர வழி இருக்க வேண்டும். சக்கர நாற்காலி ஏற முடியாத வாசல் என்றால் அதையும் மனுவில் எழுதலாம்.

அக்காவின் மாலைநேரம்

அக்கா இப்போது தெருமுனைப் பொது நூலகத்தில் உறுப்பினர். முதல் நாள் ஒரு சிறிய கதைப் புத்தகம் எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அதை முந்தானையால் துடைத்தார். ஒன்பது ஆண்டுப் பழக்கம் போகுமா? பிறகு விளக்கின் அருகே உட்கார்ந்தார். அட்டையைத் திறந்து முதல் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார்.

பதில் சொல்லுங்கள்

1. மகளைக் காவலர் ஏன் தடுத்தார்?
2. நூலகர் சொன்ன மூன்று உரிமைகள் எவை?
3. பழைய மாணவர்கள் நூலகத்தைப் பயன்படுத்த என்ன செய்ய வேண்டும்?
4. அக்கா கேட்டதில் என்ன கிடைத்தது? என்ன கிடைக்கவில்லை?

கலந்து பேசுங்கள்

ஒப்பந்த ஊழியர்களுக்கும் புத்தகம் எடுத்துப்போகும் அட்டை தரலாமா? ஏன்?

செய்து பாருங்கள்

உங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்குப் போங்கள். அது எத்தனை மணிக்குத் திறக்கிறது? உறுப்பினர் ஆக என்ன வேண்டும்? கேட்டு எழுதி வந்து வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.