தாதியராகும் வழி

பத்தாங் காலி, சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், உலு சிலாங்கூர் மாவட்டத்தில் அமைந்துள்ள சிறுநகரம். ரவாங்கிலிருந்து வடக்கே செல்லும் மின்ரயில், செரண்டாவைக் கடந்து பத்தாங் காலியில் நின்று, ராசா, கோல குபு பாரு வழியாகத் தஞ்சோங் மாலிமை அடைகிறது. ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. பின்னர் அவற்றுள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின.

தோட்ட வாழ்க்கையில் நோய் வந்தால் மக்கள் முதலில் நாடியது ‘டிரெஸர்’ எனப்பட்ட மருத்துவ உதவியாளரைத்தான். பிரசவம் என்றால் லயத்திலேயே மருத்துவச்சி வருவார். அதற்கும் மேலான நோய் என்றால்தான் நகர மருத்துவமனைக்குச் செல்வார்கள். அங்கே வெள்ளைச் சீருடையில் நின்ற தாதியை அவர்கள் ‘மிஸ்ஸி’ என்று அழைத்தார்கள். இன்றும் முதியோர் பலரின் வாயில் அச்சொல்லே வருகிறது. பால்வெட்டிய அந்தப் பாட்டிகளின் பேத்திகளும் பேரர்களும் இன்று ஐந்தாம் படிவத்தில் பயில்கிறார்கள். தாதியராக வேண்டும் என்று அவர்களுள் ஒருவர் விரும்பினால், அதற்கு வழி என்ன?

வீட்டுக்கு அருகில் உள்ள கல்லூரியிலேயே படித்துவிடலாம் என்னும் எண்ணம் முதலில் எழுவது இயல்பு. பத்தாங் காலி வட்டாரத்தில் உலு சிலாங்கூர் சமூகக் கல்லூரி உள்ளது. அமெரிக்காவில் சமூகக் கல்லூரியில் பயின்று தாதியரானவர்களைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். ஆயினும், இரு நாடுகளிலும் ‘சமூகக் கல்லூரி’ என்னும் பெயர் ஒன்றாக இருந்தாலும் அங்குக் கற்பிக்கப்படுபவை வேறு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் தாதியர் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. அக்காலத்தில் பெரும்பாலான தாதியர் மருத்துவமனைகள் நடத்திய பள்ளிகளில் மூன்றாண்டுகள் பயின்றனர். பயிற்சி மாணவிகள் நோயாளர் கூடங்களில் ஊழியர்களைப் போலவே உழைக்க நேர்ந்தது. இந்நிலையை மாற்ற, மில்ட்ரெட் மொண்டாக் என்னும் தாதியர் கல்வியாளர் 1951-இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். தாதியர் கல்வியைச் சமூகக் கல்லூரிகளில் இரண்டாண்டுகளில் கற்பிக்கலாம். மாணவர் மருத்துவமனையின் கூலியாள் அல்லர், கற்பவரே என்பது அதன் சாரம். 1952-இல் சில கல்லூரிகளில் இத்திட்டம் சோதித்துப் பார்க்கப்பட்டது. குறைந்த கட்டணத்தில், வீட்டுக்கு அருகிலேயே படிக்க முடிந்ததால், இளைஞர் மட்டுமின்றிக் குடும்பப் பொறுப்புடைய பெண்களும் சேர்ந்து பயின்றனர்.

மலேசியாவில் சமூகக் கல்லூரிகள் 2001-இல் செயல்படத் தொடங்கின. தொழில்திறன் பயிற்சி அளிப்பதே அவற்றின் முதன்மைப் பணி. தாதியர் டிப்ளோமா அங்கே கற்பிக்கப்படுவதில்லை. அதனைச் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களிலும், சில பல்கலைக்கழகங்களிலும், தனியார் கல்லூரிகளிலும் பயிலலாம். பயிற்சிக் காலம் மூன்று ஆண்டுகள். அமைச்சின் கழகங்களுக்குத் தேர்வு பெறுவோருக்குப் பயிற்சிக்கால உதவித்தொகை கிடைக்கிறது. வசதி குறைந்த குடும்பத்து மாணவருக்கு இது பெரிய துணை. அதனால் போட்டியும் அதிகம்.

நுழைவுத் தகுதிக்கு எஸ்.பி.எம். தேர்வு முடிவே அடிப்படை. மலாய்மொழி, கணிதம், அறிவியல் பாடம் ஒன்று ஆகியவற்றில் சிறப்புத் தேர்ச்சி முக்கியமாகக் கருதப்படுகிறது. எத்தனை பாடங்களில் சிறப்புத் தேர்ச்சி தேவை என்னும் விதி காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. ஆதலால், அண்ணனோ அக்காளோ சேர்ந்த ஆண்டின் விதியை நம்பாமல், விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைப் படித்தறிய வேண்டும். நான்காம் படிவத்தில் கணிதத்தையும் அறிவியலையும் கைவிட்டவருக்கு இக்கதவு எளிதில் திறப்பதில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் அதிகக் கவனம் தேவை. 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்படி, மலேசியத் தாதியர் வாரியத்தில் பெயரைப் பதிந்துகொண்டவரே இந்நாட்டில் தாதியராகப் பணியாற்ற முடியும். அதற்கு, வாரியம் ஏற்றுக்கொண்ட பயிற்சியை முடித்து, வாரியத்தின் தேர்விலும் தேற வேண்டும். பின்னர் ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத பயிற்சியில் சேர்ந்தால், ஆண்டுகளும் பணமும் போன பின்பும் தாதியராக முடியாது. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி இங்கு முற்றிலும் பொருந்தும்.

அங்கீகாரம் இருந்தாலும் வேலை உறுதி என்று சொல்லிவிட முடியாது. 2010ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தாதியர் பயிற்சி அளிக்கும் தனியார் கல்லூரிகள் பெருகியிருந்தன. பயின்று வெளிவந்தவர்களுள் பலருக்கு வேலை கிடைக்கவில்லை. கல்விக்கடன் மட்டும் தலைமேல் நின்றது. அரசாங்கம் புதிய பயிற்சித் திட்டங்களுக்குத் தடை விதித்து, நுழைவுத் தகுதியையும் உயர்த்தியது. பிற்காலத்தில் நிலைமை தலைகீழாகி, மருத்துவமனைகள் தாதியர் பற்றாக்குறையை எதிர்நோக்கின. அனுபவமுள்ள தாதியர் பலர் சிங்கப்பூருக்கும் சவூதி அரேபியாவுக்கும் வேலைக்குச் சென்றனர். எனவே, கடன் வாங்குமுன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தமர்ந்து கணக்குப் பார்ப்பது நல்லது.

பயிற்சி வகுப்பறையில் தொடங்குகிறது. உடலின் அமைப்பு, உறுப்புகளின் செயல், நுண்ணுயிரிகள், மருந்துகள் ஆகியவை பாடங்களாகின்றன. அதன்பின் செய்முறை. கை கழுவுவதைக்கூடப் புதிதாகக் கற்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியின்படி, சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் 40 முதல் 60 விநாடிகள் வரை நீடிக்க வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், விரல்நுனி என எதுவும் விடுபடக்கூடாது. ஒரு நோயாளரைத் தொடுவதற்கு முன்பும் தொட்ட பின்பும் கையைத் தூய்மை செய்யாவிட்டால், ஒருவரின் கிருமி அடுத்தவரைச் சென்றடையும்.

மருந்து கொடுப்பதிலும் அத்தகைய ஒழுங்கு உண்டு. சரியான நோயாளர், சரியான மருந்து, சரியான அளவு, சரியான முறை, சரியான நேரம் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். ஒரே கூடத்தில் ஒரே பெயருடைய இருவர் படுத்திருக்கலாம். பெயரை மட்டும் பார்த்து ஊசி போட்டால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓய்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் நாடி நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிப்பது இயல்பு. எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது. நேற்று 80 ஆக இருந்த நாடி இன்று 120 ஆனால், உடனே அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மருத்துவர் கூடத்திற்கு வந்து செல்பவர். தாதியோ நோயாளரின் அருகிலேயே இருப்பவர். மாற்றத்தை முதலில் காணும் கண் தாதியுடையது.

மொழியும் இப்பணியில் ஒரு கருவி. தோட்டத்தில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர், ‘இனிப்பு நீர் இருக்கு’ என்றால் அது நீரிழிவைக் குறிக்கும். ‘நெஞ்சு எரியுது’ என்பதும் ‘நெஞ்சை அடைக்குது’ என்பதும் வேறு வேறு. முன்னது வயிற்றுப் புளிப்பால் வரலாம். பின்னது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். இரண்டும் மலாய்மொழியில் வெறும் ‘நெஞ்சு வலி’ என்று பெயர்க்கப்பட்டால், அந்த வேறுபாடு மறைந்துவிடும். பாட்டியின் சொல்லைக் கேட்டு, அதனை மருத்துவருக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ தெளிவாக எடுத்துரைக்கும் தாதி, நோயைக் கண்டறியவே உதவுகிறார். தாய்மொழியோடு மற்ற மொழிகளையும் நன்கு கற்பதன் பயன் இங்கே விளங்கும்.

இப்பணியில் சிரமங்களும் உள்ளன. காலை, மாலை, இரவு என நேரம் மாறி மாறி வரும். தீபாவளியன்றும் கூடத்தில் நோயாளர் இருப்பர். ஆகவே தாதியும் இருப்பார். இரத்தத்தைக் கண்டு அஞ்சுபவர் பயிற்சியால் அந்த அச்சத்தை வெல்லலாம். நோயாளரின் மீது அக்கறை இல்லாதவருக்கு இப்பணி பொருந்தாது. இது பெண்களுக்கு மட்டும் உரிய தொழிலும் அன்று. ஆண்களும் தாதியராகப் பணியாற்றுகிறார்கள்.

பத்தாங் காலியிலிருந்து வடக்கே சென்றால் கோல குபு பாரு மருத்துவமனை. தெற்கே செலாயாங், சுங்கை பூலோ மருத்துவமனைகள். அவற்றின் கூடங்களில், பால்வெட்டிக் காய்த்துப்போன கைகளை நீட்டி, ‘மிஸ்ஸி’ என்று அழைக்கும் முதியோர் இருக்கிறார்கள். அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்ப்பவர் அவர்களின் மொழியும் தொழிலின் நுணுக்கமும் ஒருங்கே அறிந்தவராக இருந்தால், அவர்களின் பாதி நோய் அப்போதே தணியும்.