மெயினுக்கு முன்னால் யார்?

கேள்வி: ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாத போர்டில் 'பிரிண்ட்எஃப்' போட்டால் எழுத்து எங்கே போகும்? போர்டுக்குப் போர்டு லைப்ரரி எழுதும் வழக்கம் யாரால் வந்தது?
– ஒரு மாணவர், தாமல்

பதில்: அந்த வழக்கத்துக்கு ஒரு முன்னோடியாகக் கேரி கில்டாலை எழுதிக்கொள்ளுங்கள். 1970-களில் சிபி/எம் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதியபோது, மெஷினுக்கு மெஷின் மாறும் சங்கதிகளை மட்டும் தனியே பிரித்து 'பயாஸ்' என்று பெயர் வைத்தார். ஐபிஎம் பிசி வந்ததோ 1981-ல். பயாஸ் ஐபிஎம் பெற்ற பிள்ளை என்று யாராவது அளந்தால் வாயை அடைத்துவிடலாம்.

எழுத்து தானாக எங்கும் போகாது. 'நியூலிப்' என்கிற சி லைப்ரரி வாக்கியத்தைக் கோத்துக்கொடுத்துவிட்டு, கடைசியில் 'ரைட்' என்ற குட்டி ஃபங்ஷன் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதை எழுதுவது உங்கள் பாடு. எழுத்தை அது தள்ளவேண்டிய இடம் யூஆர்ட் என்கிற சீரியல் போர்ட். அதன் ரெஜிஸ்டர் முகவரி சிப்புக்குச் சிப் மாறும், கடிகார வேகம் போர்டுக்குப் போர்டு மாறும். வேகக் கணக்கு பிசகினால் திரையில் பூச்சிபூச்சியாக வரும். சென்னை ஐஐடியின் 'சக்தி' ப்ராசஸர் எஸ்டிகேயில் இதற்கென்றே 'பிஎஸ்பி' (போர்டு சப்போர்ட் பேக்கேஜ்) ஃபோல்டர் உண்டு. 'மேக்' கொடுக்கும்போது டார்கெட் பெயரை மாற்றினால் அதே புரோகிராம் ஆர்ட்டி 35டி போர்டுக்கும் 100டி போர்டுக்கும் தனித்தனியாகத் தயாராகும்.

இதெல்லாம் கிடக்கட்டும். 'மெயின்'தான் முதலில் ஓடும் என்று வகுப்பில் சொல்கிறார்களே, சுத்தப் பொய்! 'சிஆர்டி ஜீரோ' என்றொரு துண்டு முன்னாலேயே எழுந்து, ஸ்டாக்குக்கு இடம் பார்த்து, ஆரம்ப மதிப்புகளை ஃபிளாஷிலிருந்து ராமுக்கு நகலெடுத்து, மற்ற குளோபல் மாறிகளைப் பூஜ்யமாக்கிய பிறகே மெயினை அழைக்கும். இன்னும் வேடிக்கை, மெயின் முடிந்தால் என்ன ஆகும் என்பது. திரும்பிப் போக வீடே இல்லை! நின்ற இடத்திலேயே முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான், யாராவது ரீசெட் பட்டனை அமுக்கும்வரை.

கேள்வி: அப்படியானால் எங்கள் தெரு ஜக்கார்டு தறியும் ஓஎஸ் இல்லாத மெஷின்தானே? அதைக் கண்டுபிடித்த ஜக்கார்டு...

பதில்: அங்கேயே நிறுத்துங்கள். 1725-ல் லியோன் நகரத்து பசில் புஷோன் ஓட்டை போட்ட காகிதச் சுருளை வைத்துத் தறியை ஓட்டினார். 1728-ல் ஃபால்கோன் அதைக் கோத்த அட்டைகளாக்கினார். ஜக்கார்டு வந்ததே 1804 வாக்கில். பெயரை மட்டும் மொத்தமாக அள்ளிக்கொண்டார். புஷோன் பெயரை ஒரு முட்டுச்சந்துக்காவது வைக்கச் சொல்லி எத்தனை தடவை எழுதுவது?

கேள்வி: காஞ்சிபுரம் கோயில் இட்லியில் சுக்கு எதற்கு?

பதில்: ஜீரணத்துக்கு. மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகிற இட்லி அது. டம்ளரில் வேகவைத்துக் 'காஞ்சிபுரம் இட்லி' என்று விற்கும் ஓட்டல்காரரிடம் போய்க் கேளுங்கள், சுக்கு போட்டாரா என்று.