புல்லும் பீலியும்

ஸ்காபரோ
ஆகஸ்ட் 30

அன்புள்ள மருமகனுக்கு,

சென்ற ஞாயிறு உன் புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்தவர்கள் எல்லாரும் குசினியையும் படுக்கை அறைகளையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் வெளியே வீட்டைச் சுற்றி இரண்டு முறை நடந்தேன். "மாமா, என்னத்தைத் தேடுறியள்?" என்று நீ சிரித்துக்கொண்டு கேட்டாய். நான் தேடியது வெளிச்சுவர்த் தண்ணீர் பைப். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, இரண்டு இருக்கிறது. கராஜ் பக்கத்துப் பீலிக்குள் ஒரு மேப்பிள் கன்று முளைத்து நிற்கிறது. முன்வளவுப் புல்லில் பாதி வெறும் மண். கொண்டோவில் நாலு வருஷம் இருந்தவன் நீ. இதையெல்லாம் பார்க்க அங்கே சம்பளத்துக்கு ஒரு ஆள் இருந்தார். ஏஜக்ஸ் வீட்டில் அந்த ஆள் நீதான். போனில் சொன்னால் "ஓம் மாமா" என்றுவிட்டு மறந்துபோவாய் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

முதலில் புல். எங்கள் ஊர் முற்றத்தில் ஒரு புல் முளைத்தாலே உன் அம்மம்மா உழவாரத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவா. செருக்கிக் கூட்டிய வெறும் முற்றம்தான் மானமுள்ள வீட்டுக்கு அடையாளம். இங்கே எல்லாம் தலைகீழ். முற்றம் முழுக்கப் புல் வேண்டும், அதுவும் அளவாக. ரொறன்ரோவில் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரவிட்டால் மாநகரசபை ஆட்கள் தேடி வரலாம். வந்த புதிதில் இது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. இப்போதும் பாதி அப்படித்தான். ஆனால் மழையிலும் பனி உருகும் பங்குனி, சித்திரையிலும் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்தான். அதற்காகவே அதை மதிக்கிறேன்.

உன் வளவில் நிற்பது பெரும்பாலும் கென்ரக்கி புளூகிராஸ். குளிர்நாட்டுப் புல். யூலை வெயிலில் அது மஞ்சளாகிப் படுத்துவிட்டதைப் பார்த்துச் செத்துப்போயிற்று என்று நீ கவலைப்பட்டாய். அது உறக்கம். இரவுகள் குளிரத் தொடங்க எழும்பும். செப்ரெம்பரில் மண்ணில் இன்னும் கோடைச் சூடு இருக்கும், காற்றில் வெக்கை இருக்காது. வேர் ஓடுவதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. இங்கே பலர் மே மாதத்தில் விதையை வாங்கிக் கொட்டுகிறார்கள். அது வேர் பிடிக்க முன்னம் வெயில் வந்து கருக்கிவிடுகிறது. நீ அடுத்த இரண்டு கிழமைக்குள் வேலையை முடி. மண்ணைச் சின்னச் சின்ன உருளைகளாகத் தோண்டி எடுக்கும் இயந்திரம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு போட்டு எடுத்தால் செலவு பாதி. வெளியே விழும் மண் உருளைகளைப் பொறுக்காதே, மழையில் தானாகக் கரையும். அதற்கு மேல் விதையைத் தூவு.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள், நான் மூன்று வருஷம் விதைக்காசை வீணாக்கிப் படித்த பாடம் இது. கடையில் வாங்கும் விதைப்பை ஒரு கலவை. அதில் உள்ள ரை புல் ஒரு கிழமையில் பச்சையாக எழும்பும். புளூகிராஸ் முளைக்க இரண்டு தொடக்கம் நாலு கிழமை வேண்டும். நாங்கள் முதல் பச்சையைப் பார்த்ததும் "வந்திட்டுது" என்று தண்ணீரை நிறுத்திவிடுவோம். அந்த நேரம் மண்ணுக்குள் முளைவிட்டுக்கொண்டிருக்கும் புளூகிராஸ் காய்ந்துபோகும். நாலாம் கிழமை வரைக்கும் மேல்மண் ஈரமாக இருக்கட்டும். நிறைய ஊற்றத் தேவையில்லை, காலையும் பின்னேரமும் கொஞ்சம் தெளித்தால் போதும்.

களைக்கொல்லி எங்கே விற்கிறார்கள் என்று கேட்டாய். வீட்டுப் புல்லின் அழகுக்காக நஞ்சு அடிப்பதை ஒன்ராறியோ 2009 ஏப்ரல் 22 இல் தடைசெய்துவிட்டது. டான்டிலயனைக் கையால் பிடுங்கு, மழை பெய்த மறுநாள், ஆணிவேரோடு. புல் எங்கேயாவது கம்பளம்போலக் கையோடு கழன்று வந்தால், அல்லது இரவில் ஸ்கங்க் வந்து கிளறிப்போட்டிருந்தால், கீழே வெள்ளைப் புழு இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு நெமற்றோட் என்ற நுண்புழுக்களை விற்கிறார்கள். உயிருள்ள சாமான், வாங்கிவந்து காருக்குள் வெயிலில் விட்டுவிடாதே. செப்ரெம்பர் நடுப்பகுதிக்குள், நனைந்த மண்ணில், வெயில் இறங்கிய பிறகு ஊற்ற வேண்டும்.

வெட்டும்போது மூன்று அங்குலம் விட்டு வெட்டு. கடைசி வெட்டு மட்டும், நவம்பர் தொடக்கத்தில், இரண்டரை அங்குலம். நீளப் புல் பனிக்கடியில் மடிந்து கிடந்தால் பூஞ்சணம் பிடித்து, பனி உருகியதும் சாம்பல் நிற வட்டங்களாகத் தெரியும். மேப்பிள் இலைகளை மொட்டை போடுவதுபோல வழித்து அள்ளத் தேவையில்லை. மெல்லிய படையாக இருந்தால் மெஷினை மேலால் ஓட்டித் தூளாக்கிவிடு, அது பசளை. தடிப்பாக மூடிக் கிடந்தால் மட்டும் கூட்டிக் கடதாசிப் பையில் கட்டு.

இனிப் பீலி. ஊரில் மாரி தொடங்க முன்னம் கிடுகு மாற்றுவதும் பீலி துப்பரவாக்குவதும் அப்புவின் வேலை. அங்கே பீலி நிரம்பினால் திண்ணை நனையும், அவ்வளவுதான். இங்கே நிரம்பிய பீலியில் நின்ற தண்ணீர் உறைந்து, பாரத்தில் பீலியையே பிடுங்கிக்கொண்டு விழும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கிறது. இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நட. எங்கெங்கே தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கிறதோ அங்கேதான் உன் வேலை இருக்கிறது. ஒக்ரோபரில் அவசரப்பட்டு ஏறாதே, மிச்ச இலையும் விழ இன்னொரு முறை ஏறவேண்டி வரும். நவம்பர் நடுப்பகுதியில் ஒரேயடியாகச் செய். பீலியிலிருந்து இறங்கும் குழாயின் வாய் அத்திவாரத்தைப் பார்த்திருக்கக் கூடாது. ஒரு நீட்டுக்குழாய் பூட்டி ஆறடி தள்ளி விடு.

கூரை ஓரத்தில் தொங்கும் பனி ஈட்டிகளை அழகென்று படம் பிடித்துப் போடுகிறார்கள். அதைக் கண்டால் நான் அற்றிக்கைத்தான் நினைப்பேன். வீட்டுச் சூடு மேலே கசிந்து கூரைப் பனியை உருக்குகிறது; அந்தத் தண்ணீர் குளிர்ந்த ஓரத்துக்கு வந்து மறுபடி உறைந்து அணை கட்டுகிறது; பின்னால் வரும் தண்ணீர் ஓட்டுக்கு அடியால் ஏறிச் சீலிங்கில் இறங்குகிறது. பீலியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மேலே ஏறி, சூட்டைத் தடுக்கும் பஞ்சு எங்கெங்கே மெலிந்திருக்கிறது என்று பார்.

வெளிப் பைப்புக்கு வருகிறேன். 1996 இல் வாங்கிய முதல் வீட்டில், குளிர் தொடங்கியபோது ஹோஸைக் கழற்றாமல் விட்டுவிட்டேன். குளிர்காலம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. சித்திரையில் கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் விடலாம் என்று பைப்பைத் திறந்து, அரை மணித்தியாலம் வெளியே நின்று பாட்டுக் கேட்டபடி ஊற்றிக்கொண்டிருந்தேன். சுவருக்குள் குழாய் மார்கழியிலேயே வெடித்திருந்தது. உறைந்திருக்கும்வரை ஒழுகாது, திறந்த அன்றுதான் தெரியும். பேஸ்மென்றில் ஊரிலிருந்து கொண்டுவந்த சூட்கேஸ் கிடந்தது. உன் அம்மாவின் சாமத்தியவீட்டு அல்பம் அதற்குள். மிஞ்சியது இரண்டு படம்.

ஆகவே ஒக்ரோபர் முடிய முன்னம் ஹோஸைக் கழற்று. பேஸ்மென்றில் அந்தக் குழாய்க்குரிய வால்வைப் பூட்டு. பிறகு வெளியே போய்ப் பைப்பைத் திறந்துவிடு. வால்வின் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதையும் திருகி மிச்சத் தண்ணீரை ஒரு வாளியில் வடியவிடு. "உறையாத பைப்" என்று சொல்லி விற்கிறார்களே, அதுவும் ஹோஸ் பூட்டியபடி இருந்தால் வெடிக்கும். தண்ணீர் வெளியேற முடியாமல் உள்ளேயே நிற்கும்.

ஃபேர்னஸ் பில்ற்றரை மாற்றுவது உனக்குத் தெரியும். தெரியாதது, பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள். ஒன்று காற்றை இழுக்கிறது, மற்றது புகையை விடுகிறது. பனி கொட்டிய ஒவ்வொரு நாளும், கார் கண்ணாடியைத் துடைக்க முன்னம் அவற்றைப் பனி மூடியிருக்கிறதா என்று போய்ப் பார். 2008 டிசம்பரில் வூட்ஸ்ரொக் நகரில் லோரி ஹோக்கின்ஸ் என்ற பொலிஸ் அதிகாரியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் காபன் மோனொக்சைட்டால் இறந்தார்கள். எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் எச்சரிக்கைக் கருவி இல்லை. லோரியின் உறவினரான தீயணைப்பு வீரர் ஜோன் ஜின்யாக் வருடக்கணக்காக அலைந்ததால்தான், எரிபொருள் பாவிக்கும் வீடுகளில் அந்தக் கருவி கட்டாயம் என்ற சட்டம் இரு குடும்பப் பெயர்களோடும் 2013 இல் நிறைவேறியது. உன் வீட்டுக் கருவியைத் திருப்பிப் பார், பின்னால் திகதி போட்டிருக்கும். பழைய சொந்தக்காரர் விட்டுப்போனது காலாவதியாகியிருந்தால் எறிந்துவிட்டுப் புதிது வாங்கு, மாடிக்கு ஒன்று. நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளும்போது பற்றரியையும் மாற்று. 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய மூன்று லட்சம் வாடிக்கையாளர்களுக்குக் கரன்ற் போனது. அப்படி ஒரு இரவு வந்தால், கரி அடுப்பையோ ஜெனரேற்றரையோ கராஜுக்குள்கூடக் கொண்டுவராதே. கதவைத் திறந்து வைத்தாலும் சரி, கூடாது.

உன் அம்மாவிடம் நான் சொன்னால் கோபிப்பா, நீ சொல். சோறு கொதிக்கும்போது விசிறியைப் போடட்டும். பேஸ்மென்றில் உடுப்புக் காயப்போடுவதை நிறுத்தட்டும். மைனஸ் 15 பாகையில் யன்னல் கண்ணாடியில் வடியும் தண்ணீர் அந்தச் சோற்றுப் பானையிலிருந்து வருவது. யன்னல் மூலையில் கறுப்பாகப் படியும் பூஞ்சணமும் அதனால்தான். அவவின் கறிவேப்பிலைச் சாடியை இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே போக முன்னம் உள்ளே எடுங்கள். இலை கொட்டும், பயப்பட வேண்டாம், தண்ணீரைக் குறைத்துத் தெற்கு யன்னலில் வையுங்கள்.

உப்பைப் பற்றி ஒரு சொல். வாசலில் கண்டபடி அள்ளி எறியாதே. முதலில் சவளால் வழி, பிறகு கொஞ்சமாகத் தூவு. சாதாரண உப்பு மைனஸ் 10 பாகைக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது. ஓரப் புல்லை மட்டும் எரிக்கும். கடும் குளிரில் மணல் போடு, வழுக்காது.

இந்தக் கிழமை பேஸ்மென்றுக்குள் இறங்கி, அந்த இரண்டு வெளிப் பைப்புகளுக்கும் உரிய வால்வுகள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பிடி. சில வீடுகளில் சீலிங் பலகைக்கு மேலே மறைத்துவிடுவார்கள். கண்டுபிடித்ததும் எனக்குப் போன் எடு. பீலிக்குள் நிற்கும் அந்த மேப்பிள் கன்றைப் பிடுங்க நவம்பரில் ஏணியை நான் கொண்டுவருகிறேன். கீழே நின்று பிடிக்கிறேன், ஏறுவது நீ.

அன்புடன்,
மாமா