பிளீச்சுடன் எதையும் கலக்காதீர்கள்



வீட்டைத் துப்புரவாக்கும் திரவங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இரசாயன இயல்பு உண்டு. தனியே பாவிக்கும்போது உதவும் இரண்டு பொருட்கள் ஒன்றுசேரும்போது நஞ்சாகலாம். அதற்கு இலகுவான உதாரணம் எங்கள் குளியலறையிலேயே இருக்கிறது.

இலண்டன் குழாய்நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியம் உப்புகள் கேத்திலிலும் ரொய்லற் கோப்பையிலும் சுண்ணாம்பாகப் படிகின்றன. இதைப் போக்க நாம் முதலில் பிளீச் ஊற்றுகிறோம். பிளீச்சில் இருப்பது சோடியம் ஐப்போகுளோரைட்டு. அது கிருமிகளைக் கொல்லும், கறையை வெளுக்கச் செய்யும். ஆனால் சுண்ணாம்பைக் கரைக்காது. படிவு போகவில்லையே என்று, அதன் மேலேயே சுண்ணாம்பு அகற்றும் திரவத்தையும் ஊற்றுகிறோம். அது ஓர் அமிலம். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

அமிலம் பட்டதும் பிளீச்சிலிருந்து குளோரின் வாயு வெளியேறும். முதலாம் உலகப் போரில், 1915 இல், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஆயுதமாக விடப்பட்டது இதே வாயுதான். இது வளியை விட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமானது. ஆகவே தரையோடு தங்கும். குந்தியிருந்து தேய்ப்பவரும், தவழும் குழந்தையும் அதைக் கூடுதலாகச் சுவாசிப்பார்கள். கண், தொண்டை, சுவாசப்பை ஆகியவற்றின் ஈரத்தில் கரைந்து அங்கேயே அமிலமாகிறது. கண்ணீர், இருமல், நெஞ்சு இறுக்கம் உண்டாகும். தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு இது உயிராபத்தாகலாம்.

வினாகிரியும் தேசிக்காய்ச்சாறும் அமிலங்களே. சமையலுக்கு உகந்தவை என்பதால் பிளீச்சுடன் சேர்க்கலாம் என்று எண்ண வேண்டாம். அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவங்களுடன் சேர்ந்தால் குளோரமைன் என்ற இன்னொரு நச்சு வாயு உண்டாகும்.

கவனிக்க வேண்டியவை

1. ஒரு நேரத்தில் ஒரு திரவம் மட்டும். பிளீச் ஊற்றிய இடத்தை நன்றாகக் கழுவிவிட்டு, அமிலத்தை வேறொரு நாள் பாவியுங்கள்.

2. குளிர்காலத்திலும் யன்னலைத் திறந்து வைத்தே துப்புரவு செய்யுங்கள்.

3. குளிர்பானப் போத்தல்களில் இவற்றை மாற்றி ஊற்றி வைக்காதீர்கள்.

4. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பெற்றோருக்குப் போத்தலில் தமிழில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். துப்புரவுப் பணிக்குச் செல்லும் எம்மவர்க்கும் இதைச் சொல்லுங்கள்.

விபத்து நேர்ந்தால்

வாயுவைச் சுவாசித்தவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். ஊற்றியதைக் கழுவுவதற்கென்று திரும்பவும் உள்ளே போகாதீர்கள். மூச்சுத்திணறல் இருந்தால் 999 ஐ அழையுங்கள். மற்றப்படி 111 இல் ஆலோசனை பெறுங்கள். சில மணி நேரத்தின் பின்னரும் மூச்சு மோசமடையலாம் என்பதால் அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள்.

கண்ணில் தெறித்தால் குழாய்நீரால் குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பிள்ளை குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது எம்மிடையே உள்ள வழக்கம். அதைச் செய்யவே கூடாது. எரிக்கும் திரவம் மேலே வரும்போது தொண்டையை இரண்டாம் முறையும் எரிக்கும். உடனே உதவிக்கு அழைத்து, போத்தலையும் கையோடு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். உள்ளே போனது என்னவென்று தெரிந்தால்தான் வைத்தியர்களாகிய நாம் காலதாமதமின்றிச் சிகிச்சை அளிக்கலாம்.