விதைக்கூடை யார் கையில்?

கிராமத்து வறுமையை நீக்கும் வழிகளைப்பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விளைவைப் பெருக்குதல், விலையைக் குறைத்தல் என்னும் இரண்டையே எடுத்துரைப்பர். இவை வேண்டுவனவே. ஆயினும், ஒரு குடும்பத்தின் உணவும் பிழைப்பும் பஞ்சத்தைத் தாங்கும் ஆற்றலும் மற்றொன்றையும் பொறுத்துள்ளன என்பது எமது கருத்து. எதனை விதைப்பது, எதனைச் சேமிப்பது, எதனை உண்பது என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடத்து இருக்கின்றது என்பதே அது. இதனை விளக்குதற்கு, தெலங்காணாவில் ஜகீராபாத்தைச் சூழ்ந்த சிற்றூர்களின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வூர்கள் தக்காணப் பீடபூமியின் மானாவாரி நிலத்தைச் சார்ந்தவை. மழை குறைவு, அதுவும் காலந்தவறும். சோளம், கம்பு, தினை, துவரை முதலியனவே இம்மண்ணுக்கு இயைந்த பயிர்கள். 1983-இல், அந்நாளைய ஆந்திரப் பிரதேசத்தில், கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. அஃது ஏழைகளின் பசியைத் தணித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், மலிந்த அரிசியோடு போட்டியிட மாட்டாத சோளம் மதிப்பிழந்தது. புன்செய் நிலங்கள் பல தரிசாயின. அந்நிலங்களில் களையெடுத்தும் கதிரறுத்தும் பிழைத்த பெண்களுக்கு வேலை குறைந்தது. வயிற்றுக்கு அரிசி வந்தது. கைக்கு வேலை போயிற்று.

அதே 1983-இல் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்னும் நிறுவனம் இப்பகுதியில் தோன்றிற்று. ஊர்தோறும் ஏழைப் பெண்கள், பெரும்பாலும் தலித் வகுப்பினர், சங்கங்களாகக் கூடினர். சங்கம் என்றவுடன் எம்போன்ற தமிழ் மாணவர்க்குப் புலவர் அவையே நினைவில் எழும். இவர்தம் சங்கமோ எழுத்தறியாதார் பலர் கூடிய அவை. எனினும் அவர்கள் ஆராய்ந்த பொருள் சிறிதன்று.

1990-களின் நடுவில், இந்திய அரசின் ஊரக வளர்ச்சி அமைச்சகம் அளித்த பொருளுதவியைக்கொண்டு, இச்சங்கத்தார் தரிசு நிலங்களைத் திருத்தினர். நிலமுடைய சிறு விவசாயிகளுக்கு உழவுச் செலவு கடனாகக் கொடுக்கப்பட்டது. அக்கடனை அவர்கள் சோளமாகவே தவணைமுறையில் திருப்பினர். அத்தானியம் ஊரிலேயே குதிர்களில் வைத்துக் காக்கப்பட்டது. அதனைப் பெறத் தக்கார் யாவர்? பெண்கள் ஊரின் படத்தைத் தரையில் வண்ணப்பொடியால் வரைந்து, நிலமற்றோர், கைம்பெண்கள், ஆதரவற்றோர் ஆகியோரின் வீடுகளை ஊரறியக் குறித்தனர். மழைக்காலத்தில் வேலையும் தானியமும் அருகும்போது அவ்வீடுகளுக்குக் குறைந்த விலையில் சோளம் அளிக்கப்பட்டது.

விதையின் செய்தி இதனினும் சிறப்புடையது. சாம்பலும் வேப்பிலையும் கலந்து கூடைகளிலும் பானைகளிலும் விதையைக் காப்பது இப்பெண்களின் வழிவழி வந்த அறிவு. விதையில்லாதவள் சங்கத்தில் வாங்கி விதைப்பாள். விளைந்தபின் வாங்கியதினும் மிகுதியாகத் திருப்புவாள். ஒரே வயலில் பல பயிர்களைக் கலந்து விதைப்பர். மழை பொய்த்துச் சில கருகினும் வேறு சில நின்று விளையும். வங்கியில் பணமில்லாத குடும்பத்துக்கு இதுவே காப்பீடு.

இனி உணவின் பயனைக் காண்போம். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியிலோ பத்து மில்லிகிராம் அளவே. சோளத்தோடு துவரையும் பயறும் விளைவதால் புரதமும் கிடைக்கும். அன்றியும், களையென்று நாம் கருதும் செடிகளுட் பலவற்றை அப்பெண்கள் கீரையென்று அறிவர். களைக்கொல்லி தெளிக்கப்படாத வயலில் இக்கீரை விலையின்றிக் கிடைக்கும்.

இங்கு ஓர் உண்மையை நோக்குதல் வேண்டும். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பிய பெண்களுள் மூத்தவளே குடும்ப அட்டைக்குத் தலைவி என்று விதித்தது. நல்ல விதியே. ஆயினும் அட்டையில் தலைவியாதல் வேறு. வயலில் தலைவியாதல் வேறு. முன்னவள் கொடுப்பதைப் பெறுகிறாள்; பின்னவள் வேண்டுவதை விளைவிக்கிறாள்.

2008-இல் இச்சங்கப் பெண்கள் மாச்னூரில் தமக்கென ஒரு வானொலி நிலையம் நிறுவினர். 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டிக்குக் கிடைத்தது.

இவ்வழியில் இடர் இல்லாமலில்லை. சிறுதானியத்தை உமிநீக்கிச் சமைப்பது கடும் உழைப்பு. உரிமையோடு இவ்வுழைப்பு முழுவதையும் பெண்கள் தலையிலேயே ஏற்றின், அவ்வுரிமை சுமையாய்விடும். ஆதலின் அரைவை இயந்திரம் ஊருக்கு அருகில் அமைதலும், ஆடவர் வீட்டுவேலையில் பங்கு கொள்ளுதலும் இன்றியமையாதன.

சகோதர மாணவர்களே! தினையும் வரகும் நமக்குச் செய்யுளில் பழகிய சொற்கள். அவற்றை விளைவித்துக் காப்போர் பலர் இன்றும் நம் கிராமங்களில் இருக்கின்றனர். விடுமுறையில் ஊர் செல்லும்போது, பாட்டிமாரை அணுகி, முன்னர் என்ன விதைத்தனர், ஏன் விட்டனர் என்று கேட்டு எழுதிவருவோமாக. கிராமத்துக்குக் கற்பிக்கச் செல்லுமுன் கற்றுக்கொள்ளச் செல்லுதலே கற்றோர்க்கு அழகு.